கல்முளை ஐசோடோப்பை மழையளவாகப் படிக்க முடியுமா?

கேள்வி

வெப்பமண்டலக் குகைகளின் தரையில் சொட்டுநீரால் அடுக்கடுக்காக வளரும் கல்முளைகளிலிருந்து பழங்கால மழையையும் வறட்சியையும் கணிக்கும் ஆய்வுகளைப் படித்து வருகிறேன். மத்திய அமெரிக்காவின் பழைய மாயா நாகரிக நகரங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்ட 9ஆம் நூற்றாண்டில் அந்நிலப்பகுதி கடும் வறட்சிக்கு உள்ளானது என்பதற்கு, பெலீசு நாட்டின் யோக் பாலும் குகைக் கல்முளை முக்கியச் சான்றாகக் காட்டப்படுகிறது. கல்லில் அளக்கப்படுவதோ ஆக்சிஜன் ஐசோடோப்புகளின், அதாவது எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களின், விகிதம் மட்டுமே. அது எவ்வாறு மழையின் கணக்காக மாறுகிறது? மழை இத்தனை விழுக்காடு குறைந்தது என்று அதை வைத்துச் சொல்வது பொருந்துமா?

மறுமொழி 1

மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையை அரித்தபடி குகையின் கூரையை அடைகிறது. குகைக் காற்றில் அந்த வாயு குறைவு என்பதால், சொட்டும் நீரிலிருந்து அது வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சைட் என்ற கனிமமாகப் படிகிறது. மழைநீரின் ஆக்சிஜனும் அப்படிவில் தங்கிவிடுகிறது. வெப்பமண்டலத்தில் பெருமழை பெய்யும்போது கனமான ஆக்சிஜன்-18 முதலிலேயே பொழிந்து தீர்ந்துவிடுவதால், மழை மிகுந்த காலத்துப் படிவில் அதன் பங்கு குறைந்தும், வறண்ட காலத்துப் படிவில் கூடியும் காணப்படும்.

காலக்கணிப்புதான் இம்முறையின் பெரும் பலம். யுரேனியம் நீரில் கரையும், தோரியம் ஏறத்தாழக் கரையாது. ஆகவே புதிதாகப் படியும் கால்சைட்டில் யுரேனியம் மட்டுமே இருக்க, அது சிதைந்து தோரியம்-230 சேரச் சேர அடுக்கின் வயது தெரியவருகிறது. சுமார் 6 லட்சம் ஆண்டுகள் வரை இம்முறை கைகொடுக்கும். சேறு கலந்த கல்லில் மட்டும் வெளியிலிருந்து வந்த தோரியம் கணக்கைக் குலைத்துவிடும்.

மறுமொழி 2

விழுக்காட்டுக் கணக்கைப் பொறுத்தவரை என் பதில், பெரும்பாலும் பொருந்தாது என்பதே. சிரபுஞ்சிக்கு அருகிலுள்ள மாம்லு குகையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு பெய்யும் மழையின் ஆக்சிஜன் விகிதம் அவ்விடத்து மழையளவைக் காட்டிலும், ஈரக்காற்று எங்கிருந்து புறப்பட்டது, வழியில் எவ்வளவு பொழிந்துவிட்டு வந்தது என்பவற்றையே அதிகம் சார்ந்திருக்கிறது. பருவக்காற்றின் வலிமைக்கு அது நல்ல சான்றுதான், ஆனால் அதை உள்ளூர் மழைமானியின் அளவாகக் கொள்ள முடியாது. மேலும், பாறை இடுக்குகளில் பல ஆண்டுகளின் நீர் கலந்தே சொட்டக்கூடும் என்பதால் ஓராண்டின் கொடும் பஞ்சம் கல்லில் மங்கிப்போகலாம்.

இதனால்தான் வேறு தடயங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வறண்ட காலத்தில் நீர் மெதுவாக இறங்குவதால், கல்முளையை அடையும் முன்பே பாறை வெடிப்புகளில் கால்சைட் படிந்துவிட, மிஞ்சும் நீரில் கால்சியத்தை நோக்க மக்னீசியத்தின் பங்கு ஏறுகிறது. ஆக்சிஜனும் மக்னீசியமும் ஒரே அடுக்கில் ஒரே திசையில் நகர்ந்தால்தான் வறட்சி என்ற முடிவை நான் நம்புவேன்.

கேள்வி கேட்டவர்

நன்றி. மாம்லு குகையின் கல்முளையை வைத்துத்தானே 4,200 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் வறட்சியோடு தொடங்கும் புவியியல் காலப்பிரிவுக்கு மேகாலயன் என 2018இல் பெயரிட்டார்கள்? அந்த வறட்சியும் ஐயத்துக்குரியதா?

மறுமொழி 2

வறட்சியே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதன் வடிவமும் காலமுமே விவாதத்தில் உள்ளன. முதலில் ஆராயப்பட்ட கல்முளை, சில நூற்றாண்டுகள் நீடித்த ஒரே வறட்சியைக் காட்டியது. அதே குகையின் வேறு கல்முளைகளை இன்னும் நெருக்கமாக அளந்து 2018இல் வெளியான ஆய்வோ, இன்றைக்குச் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து, பல பத்தாண்டுகள் நீடித்த வறட்சிகள் அடுத்தடுத்து வந்ததாகக் காட்டுகிறது. ஒரே கல்லை நம்பி ஒரு நாகரிகத்தின் சரிவை எழுதிவிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

மறுமொழி 3

இக்குறைகளைக் கண்டு இத்துறையையே ஒதுக்கிவிட வேண்டாம். இந்தியாவில் கருவிகளால் அளக்கப்பட்ட மழைப் பதிவு சுமார் 150 ஆண்டுகளுக்கானது. சத்தீஸ்கரின் தண்டக் குகைக் கல்முளையோ 14, 15ஆம் நூற்றாண்டுகளில் பருவமழை பல பத்தாண்டுகள் தளர்ந்து கிடந்ததைக் காட்டுகிறது. அக்காலத்துப் பஞ்சங்கள் எழுத்துச் சான்றுகளிலும் பதிவாகியுள்ளன. மழை எவ்வளவு குறைந்தது என்பதை அந்தக் கல் சொல்லாவிட்டாலும், தொடர்ந்து எத்தனை ஆண்டுகள் பொய்த்தது என்பதைச் சொல்கிறது. அணைகளும் தானியக் கிடங்குகளும் எத்தனை ஆண்டு வறட்சியைத் தாங்க வேண்டும் என்று திட்டமிடுவோர் 150 ஆண்டுப் பதிவை மட்டும் பார்த்தால், அவ்வளவு நீண்ட வறட்சி அவர்கள் கணக்கிலேயே வராது.