படித்துறைப் பக்கம் யாரும் இறங்க வேண்டாம்

சனிக்கிழமை

பெரியப்பா, காலை 6:05
(படம்)
படித்துறை. இப்போதுதான் எடுத்தேன்.

பெரியப்பா, 6:06
முன்னனுப்பியது: அவசரம்!! ஆற்றில் ரசாயனம் கொட்டிவிட்டார்கள், தண்ணீர் பச்சையாகிவிட்டது, கை வைத்தால் கருகிவிடும், எல்லாருக்கும் பகிரவும்

செல்வி அத்தை, 6:11
ஐயையோ. நாளைக்குக் குளிக்கப் போகலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேனே

தினேஷ், 6:12
பெரியப்பா, பாதிப் படத்தில் உங்கள் விரல்தான் இருக்கிறது

மணி சித்தப்பா, 6:20
என் நாய் ரோசி நேற்று சாயங்காலம் அங்கேதான் தண்ணீர் குடித்தது. ராத்திரி முழுக்க வாந்தி.

கவிதா, 6:22
சித்தப்பா, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். ஆற்றுத் தண்ணீர் குடித்தது என்பதை முதலில் சொல்லுங்கள். மேலே பாசி ஒட்டியிருந்தால் கையுறை போட்டுக் கழுவிவிடுங்கள், அது நக்கினால் இன்னும் உள்ளே போகும்.

மணி சித்தப்பா, 6:23
கிளம்பிவிட்டேன்

செல்வி அத்தை, 6:30
அப்போது ரசாயனம் என்பது உண்மைதானா கவிதா? நீ பாசிதானே படித்தாய்

கவிதா, 6:41
அத்தை, ரசாயனம் கொட்டினால் தண்ணீர் இப்படிப் பச்சையாகிவிடாது. இது உயிருள்ள பாசி. சாக்கடையிலும் உரத்திலும் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் அதற்குத் தீனி. அந்தத் தீனி சேர்ந்து, வெயிலும் அடித்து, தண்ணீர் ஓடாமல் தேங்கினால் சில நாளிலேயே பெருகிவிடும். பாசி எல்லாமே கெட்டது என்றும் நினைத்துவிடக் கூடாது. நல்ல ஆற்றில் கல்லைத் தடவினால் பழுப்பாக ஒரு வழுக்கல் இருக்கும் இல்லையா, அதில் பெரும்பாலும் டயட்டம். கண்ணாடி மாதிரி சிலிக்கா ஓடு உள்ள நுண்பாசி, புழுவும் பூச்சியும் மீன்குஞ்சும் அதைத் தின்றுதான் வளர்கின்றன. அழுக்கு சேரும்போது அந்தக் கூட்டத்தில் பல இனங்கள் காணாமல் போகும், தாங்கக்கூடிய நாலைந்து மட்டும் லட்சக்கணக்கில் பெருகும். ரூத் பேட்ரிக் என்கிற அறிவியலாளர் 1948இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓடை ஓடையாகப் போய் இதைத்தான் எண்ணிப் பார்த்தார். தண்ணீரைச் சோதித்தால் அந்த நேரத்து நிலைமைதான் தெரியும், பாசியைப் பார்த்தால் பல வாரமாக ஆற்றில் என்ன ஓடியது என்பது தெரியும்.

தினேஷ், 6:43
பெரிசு

செல்வி அத்தை, 6:44
படித்தேன் படித்தேன். நாளைக்குப் போகலாமா கூடாதா?

கவிதா, 6:44
கூடாது

பெரியப்பா, 6:52
நாங்கள் சின்ன வயதில் பாசியை விலக்கிவிட்டுத்தான் குதித்தோம். ஒன்றும் ஆகவில்லை.

செல்வி அத்தை, 6:53
அண்ணா, என்னைத் தள்ளிவிட்டு நீங்கள் கரையில் நின்றீர்கள்

பெரியப்பா, 6:54
அதை இன்னும் சொல்கிறாளே

கவிதா, 7:02
பெரியப்பா, நீங்கள் விலக்கியது நூல்பாசியாக இருந்திருக்கும். ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். முடிக்கற்றை மாதிரி தொங்கினால் அதுதான். சத்து கூடின ஆற்றில் அதுவும் பாய் விரித்த மாதிரி மண்டும், ஆனால் விஷம் இல்லை. உங்கள் படத்தில் பெயின்ட் கொட்டின மாதிரி ஏடு தெரிகிறது, எனக்கு அதுதான் கவலை. நீலப்பச்சைப்பாசி அப்படித்தான் மிதக்கும். அது உண்மையில் பாக்டீரியா வகை. சில இனங்கள் கல்லீரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சை உண்டாக்கும், கொதிக்க வைத்தாலும் அது போகாது. 1991இல் ஆஸ்திரேலியாவில் டார்லிங் ஆறு சுமார் 1000 கிலோமீட்டருக்கு இப்படி ஆனது, ஆடு மாடுகள் செத்தன.

தினேஷ், 7:03
1000 கிலோமீட்டரா!!

பெரியப்பா, 7:10
மயில்துத்தம் கொஞ்சம் இருக்கிறது. தூவிவிட்டால் ஒரே நாளில் செத்துவிடும்.

கவிதா, 7:10
வேண்டாம் பெரியப்பா!

கவிதா, 7:14
பாசி செத்து உடைந்தால் உள்ளே இருக்கிற நஞ்சு மொத்தமும் தண்ணீரில் கலக்கும். அழுகும்போது ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். இப்போதே ராத்திரியில் குறைந்துதான் இருக்கும், பகலில் ஆக்சிஜன் விடுகிற பாசி இருட்டினால் எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் காரணம் அதுதான். மயில்துத்தத்தில் இருக்கிற தாமிரம் மீனுக்கும் ஆகாது.

பெரியப்பா, 7:15
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மணி சித்தப்பா, 7:31
ஊசி போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வரை இங்கேயே இருக்கச் சொன்னார்கள்.

மணி சித்தப்பா, 7:33
உரம் என்று கவிதா சொன்னாள். மழைக்கு முதல் நாள் டிஏபி மூட்டை மூட்டையாகப் போட்டது யார் வயலில்? நான் அன்றைக்கே சொன்னேன்.

பெரியப்பா, 7:35
உன் தொழுவத்துக் கழுவுநீர் மட்டும் எங்கே போகிறதாம்

மணி சித்தப்பா, 7:36
வாய்க்காலை மறித்தது நீங்கள். இல்லையென்றால் குழியில் விழுந்திருக்கும்.

செல்வி அத்தை, 7:36
மறுபடியும் வாய்க்காலா. அப்பா இருந்தபோதே தீராதது.

தினேஷ், 7:40
மோட்டார் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது?

கவிதா, 7:52
இரண்டும்தான் காரணம், ஆறு வருகிற பக்கம் மேலே இருக்கிற சாக்கடைக் குழாயும் சேர்த்து. நான் போன மாதம் நடந்து பார்த்தேன். குழாய் விழுகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது, அது பாசி இல்லை, அழுக்கைத் தின்கிற பாக்டீரியா. அங்கே தண்ணீர் கலங்கி வெளிச்சம் போகாததால் பாசி அதிகம் இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி, அந்த அழுக்கு சிதைந்து நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்தாக மாறிய பிறகுதான் பச்சை பிடிக்கிறது, நம் படித்துறை சரியாக அங்கே இருக்கிறது. அதனால் பச்சை தெரிகிற இடத்திலேயே தப்பைத் தேடாதீர்கள், மேலே ஏறித் தேட வேண்டும். ஆலைக் கழிவு என்றால் அறிகுறி வேறு: உலோகம் கலந்தால் டயட்டத்தின் ஓடே கோணல்மாணலாக வளரும். உப்பு கலந்தாலும் ஆபத்து உண்டு. 2022இல் போலந்து, ஜெர்மனி எல்லையில் ஓடர் ஆற்றில் உப்புக் கழிவு சேர்ந்து, வறட்சியில் தண்ணீரும் குறைந்து, உவர்நீரில் வாழ்கிற ஒரு பொன்பாசி பெருகி 300 டன்னுக்கு மேல் மீன் செத்தது. பாவம், அந்த ஆற்றை நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கும்.

செல்வி அத்தை, 7:55
300 டன்…

தினேஷ், 7:56
சாவி?

மணி சித்தப்பா, 7:58
என் சட்டைப் பையில். வந்து தருகிறேன்.

பெரியப்பா, 8:05
சரி கவிதா. நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

கவிதா, 8:09
கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மேல்தண்ணீர் எடுங்கள், முக்கால்வாசி நிறைந்தால் போதும். மூடி ஃபிரிட்ஜில் ஆட்டாமல் வையுங்கள். பச்சை மேலே ஏறி நின்றால் நீலப்பச்சையாக இருக்க வாய்ப்பு அதிகம், அடியில் படிந்தால் பெரும்பாலும் வேறு பாசி. உறுதியாகச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும். அதுவரை மாடுகளையும் இறக்க வேண்டாம்.

செல்வி அத்தை, 8:10
எந்த ஃபிரிட்ஜில்? என்னுடையதில் வேண்டாம்

பெரியப்பா, 8:12
மணி வீட்டில் வைக்கலாம்

மணி சித்தப்பா, 8:13
கேட்காமலேயே முடிவு. வைத்துத் தொலையுங்கள்.

மணி சித்தப்பா, மாலை 4:46
ரோசி எழுந்து நின்றுவிட்டது

கவிதா, 4:46
அப்பாடா!

பெரியப்பா, 5:20
(படம்)
பாட்டில். மேலே கெட்டியாக நிற்கிறது. அடியிலும் கொஞ்சம் படிந்திருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?

செல்வி அத்தை, 5:21
அப்போது பிள்ளைகளை அடுத்த ஞாயிறு கூட்டிப்போகலாம் இல்லையா?

கவிதா, 5:24
இரண்டு வகையும் இருக்கலாம் பெரியப்பா. பாட்டிலைக் குலுக்காமல் வையுங்கள், நான் நுண்ணோக்கியோடு வருகிறேன். அத்தை, அடுத்த ஞாயிறைப் பற்றி இப்போது சொல்ல முடியாது.

பெரியப்பா, 5:30
மணி, நாளைக் காலையில் வாய்க்கால் பக்கம் வா. பார்க்கலாம்.

மணி சித்தப்பா, 5:41
பார்க்கலாம்