ராக் காமெடிப் படத்தை மண்டபத்தில் போட: சிரிப்புச் சத்தத்தில் வசனம் அமுங்காமல் இருக்க என்ன வழி?

கேள்வி – புளியரைப் பக்கம்:
செங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆகஸ்ட் மாதம் 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' (1984, இயக்கம் ராப் ரெய்னர், 82 நிமிடம்; கற்பனை ராக் இசைக்குழு ஒன்றைப் பற்றி ஆவணப்படம் போலவே எடுத்த ஆங்கிலக் காமெடி) போடுகிறோம். திரையிடல் அனுமதி வாங்கியாச்சு. சுமார் 80 பேர், ஆரியங்காவு பக்கத்து மலையாளிகளும் உண்டு. தகரக் கூரை, டைல்ஸ் தரை, 2 டாப் பாக்ஸ், 1 பேஸ். பேச்சுக்குச் சத்தம் வைத்தால் கச்சேரிக் காட்சி காதைப் பிளக்குது. கூட்டம் சிரித்தால் அடுத்த வசனமும் போயிரும். தமிழ் சப்டைட்டில் நாங்களே எழுதுகிறோம். யோசனை சொல்லுங்க.

மைக்செட்:
பேச்சு அமுங்கப் பெரும்பாலும் 5.1 ஒலித்தடம்தான் (5 பாக்ஸ், 1 பேஸுக்கெனப் பிரித்த ஒலி) காரணம். வசனம் நடு சேனலில் இருக்கும், 2 பாக்ஸுக்குச் சுருக்கும்போது தாழ்ந்துபோகும். டிஸ்க்கில் ஸ்டீரியோ தடம் இருந்தால் அதை எடுங்க. இல்லையென்றால் வி.எல்.சி-யில் (கணினியில் படம் ஓட்டும் மென்பொருள்) கம்ப்ரெஸரை, அதாவது உரத்த சத்தத்தை அமுக்கும் வசதியை, 3:1 அளவில் வைங்க, கச்சேரி அடங்கும், பேச்சு மேலே வரும்.

டைல்ஸ் மண்டபத்தில் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையான கனத்த ஒலி குமுறும். அதை மிக்ஸரில் குறைத்து, 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையான மேல் ஒலியை லேசாக ஏற்றினால் சொல் தெளியும். பாக்ஸைத் தலைக்கு மேல் உயர்த்தி, கடைசி வரிசையைப் பார்த்துச் சாய்ங்க. பக்கச் சுவரில் அடித்தால் எதிரொலிதான். நடு வரிசையில் பேச்சு 70–75 டெசிபல் போதும். ஆள் நிரம்பினால் சத்தம் உறிஞ்சப்படும், ஆகவே மிக்ஸரில் 3 டெசிபல் ஏற்ற இடம் விட்டு வைங்க.

புளூடூத் வேண்டாம், உதடும் சொல்லும் ஒட்டாது. உறுமல் வந்தால் லேப்டாப், மிக்ஸர், புரொஜெக்டர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடுங்க. எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீங்க.

சப்டைட்டில் பித்து:
இந்த மாதிரிப் படத்தைக் கெடுப்பது சத்தத்தைவிட அவசரப்படும் சப்டைட்டில்தான். நடிகர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வதில்தான் காமெடி இருக்கு. பீடிகை வரியையும் வெட்டு வரியையும் ஒன்றாகக் காட்டினால், அவர் வாய் திறக்கும் முன்பே கூட்டம் சிரித்து முடித்துவிடும். கடைசி வெட்டு வரியைத் தனித் துண்டாக்கி, அவர் சொல்லும் நொடியில் விடுங்க. பெரிய சிரிப்பு வரும் இடத்துக்கு அடுத்த வரியை ஒரு நொடி கூடுதலாக நிறுத்துங்க.

ஸ்டோன்ஹெஞ்ச் காட்சியில் கவனம். மேடைக்கு வைக்கும் கல் வளைவுக்கு நாப்கினில் வரைந்த படத்தில் 18 அடிக்குப் பதில் 18 இன்ச் குறி விழுந்திருக்கும், பின்னால் குட்டிக் கல்தான் மேடைக்கு வரும். நாப்கின் வரும்போதே 'இன்ச்' என்று எழுதிக் காட்டிவிட்டால் அந்தக் காட்சி செத்தது! வசனம் பெரும்பாலும் எழுதிவைக்காமல் நடிகர்கள் அங்கேயே பேசிப் பேசி உருவானது, ஒருவர் மேல் ஒருவர் பேசுவார்கள். எல்லாவற்றையும் எழுதாதீங்க, யார் சொல்வதில் சிரிப்போ அதை மட்டும்.

சப்டைட்டில் கோப்பு யூ.டி.எஃப்-8-ல் (தமிழ் எழுத்தையும் ஏற்கும் குறியீட்டு முறை) இருக்கட்டும், 'கொ', 'ஸ்ரீ' உடையாமல் வருதா பாருங்க. எழுத்து முந்திவந்தால் வி.எல்.சி-யில் 'எச்' விசை, பிந்தினால் 'ஜி'. ஒரு தட்டுக்கு 50 மில்லிநொடி. சமதளத்தில் நாற்காலி என்றால் திரையின் அடிப்பகுதி தரையிலிருந்து 4 அடியாவது உயரணும், இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைதான் வசனம்.

புளியரைப் பக்கம்:
நன்றி அண்ணாச்சி. மலையாளிகளுக்கு?

சப்டைட்டில் பித்து:
தமிழைக் கேட்டால் புரியும், படிக்கச் சிரமம். ஆங்கிலம் ஒரு வரி, தமிழ் ஒரு வரி, அவ்வளவுதான். நாலு வரி ஆனால் படம் மறைந்துவிடும்.

குண்டாறு:
சாரல் அடித்துத் தகரம் இரைந்தால் பாக்ஸால் ஜெயிக்க முடியாது, அன்றைக்கு எழுத்துதான் கைகொடுக்கும். ஒலிபெருக்கி விதி (2000) இரவு 10 மணிக்கு மேல் வெளியே தடை. மூடிய மண்டபத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு அதைச் சொல்ல முடியாது; 7.30-க்கே ஆரம்பிங்க. விளக்கு வகைப் புரொஜெக்டர் என்றால் யு.பி.எஸ் கட்டாயம். மின்சாரம் சட்டென்று போனால் ஃபேன் நின்று விளக்கு சூட்டில் வீணாகும். அப்புறம், கடைசிப் பெயர்ப்பட்டியல் ஓடும்போதும் பேட்டித் துண்டுகள் வரும், லைட்டைப் போட்டுவிடாதீங்க.