பத்து நாள் வேலை முடிந்தது, மகன் குளியலறைக்குள் கால் வைக்கவில்லை

உட்லண்ட்ஸ் அம்மா

எங்கள் புளோக்கில் இல்ல மேம்பாட்டுத் திட்ட வேலை, சிங்கப்பூரில் பழைய அடுக்குமாடி வீடுகளை அரசாங்கம் புதுப்பிக்கும் திட்டம். வாக்கெடுப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் சரி என்று சொல்லிவிட்டார்கள், நாங்களும் சொன்னோம். கழிவறையையும் புதுப்பிக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். மகனுக்கு 9 வயது, ஆட்டிசம், பேச்சு குறைவு.

ஒரு மாதம் முன்பே தயார்ப்படுத்தத் தொடங்கிவிட்டேன். பட அட்டைகள், நாள்காட்டியில் பத்துக் கட்டம், தினம் இரவு அவன் கையாலேயே ஒரு கட்டத்தை அடிப்பது என்று எல்லாம். நான் பயந்ததெல்லாம் கல் உடைக்கும் சத்தத்துக்குத்தான். அவனோ காதுமூடியைப் போட்டுக்கொண்டு சோபாவில் ரயில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பத்து நாளும் நன்றாகவே போனது.

வேலை முடிந்த அன்று மாலை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு புதுக் குளியலறை வாசலில் வந்து நின்றான். கால் கட்டைவிரலால் தரையைத் தொட்டான், சட்டென்று இழுத்துக்கொண்டான். சுவரோரம் குனிந்து "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தான். அப்படியே நின்றுவிட்டான். என் முகத்தைப் பார்த்தான், மறுபடி சுவரைப் பார்த்தான். அப்புறம் கத்த ஆரம்பித்தவன்தான், ஒன்றரை மணி நேரம்.

பழைய குளியலறையில் சுவரும் தரையும் சேரும் இடத்தில் நீல மொசைக் கல் ஒரு வரிசை இருந்தது. தண்ணீர் ஊற்றும்போது அதை எண்ணுவான். பதினேழு வரைக்கும் எனக்குக் கேட்கும், அதற்கு மேல் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது. எண்ணி முடித்தால் குளியலும் முடிந்தது, தானாக வெளியே வந்துவிடுவான். ஒன்பது வருடம் குளிப்பாட்டியவள் நான். அந்தக் கல்தான் அவனுக்குக் கடிகாரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளை டைலைத் தேர்ந்தெடுத்ததும் நானேதான்.

மூன்று வாரமாகச் சமையலறையில் வாளித் தண்ணீரில் குளிக்கிறான். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஈசூன் அப்பா

பழைய குளியலறையைப் புகைப்படம் எடுத்து வைத்தீர்களா சகோதரி? நீங்கள் வரைந்த படம் வேறு, நிஜம் வேறு. என் மகனிடம் கையால் வரைந்த பேருந்தைக் காட்டினால் அதைப் பேருந்து என்றே ஒத்துக்கொள்ள மாட்டான்.

என் கதை சின்னது. பிப்ரவரி 15, மாலை 6.20, முழுமைத் தற்காப்பு தினத்துக்காக நாடு முழுக்க ஊதும் அபாயச் சங்கு. 1942ல் பிரிட்டிஷ்காரர்கள் ஜப்பானியரிடம் சரணடைந்த நேரம் அது. மகனுக்கு இந்த விவரமெல்லாம் மனப்பாடம். இரண்டு வாரம் முன்பே நாள்காட்டியில் குறித்து, ஒலியைக் கைப்பேசியில் சின்னச் சத்தத்தில் போட்டுப் பழக்கி, தயாராக உட்கார்ந்திருந்தோம். சமையலறைக் கடிகாரத்தில் 6.20 ஆனது. சங்கு ஊதவில்லை. எங்கள் கடிகாரம் இரண்டு நிமிடம் வேகமாக ஓடியிருக்கிறது. அந்த இரண்டு நிமிடமும் மேசை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டான். என் கையை நடுவில் வைத்தேன், என் விரல் வீங்கியது. அன்றிலிருந்து வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் வாரம் ஒரு முறை சரிபார்க்கிறேன்.

சரி, உங்களுக்கு வருகிறேன். முதலில், குளியலறைக்குள் போ என்று சொல்லாதீர்கள். அவனுடைய பழைய வாளி, பழைய குவளை, பழைய சோப்பு மூன்றையும் உள்ளே வையுங்கள். இந்த வாரம் ஷாம்பு மாற்றாதீர்கள், துண்டு மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். முதல் நாள் கால் மட்டும் கழுவிவிட்டு வெளியே வரட்டும். "முதலில் கால், பிறகு ரயில்" என்று இரண்டு படம் ஒட்டிய பலகை போதும். மூன்றாவது படம் வேண்டாம். "கொஞ்ச நேரம்" என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது, மணல் கடிகாரம் வைத்துவிடுங்கள். அடுத்தது, 'மாற்றம்' என்று ஒரு அட்டை செய்யுங்கள், நல்ல பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில். அதைக் கெட்ட சேதிக்கு மட்டும் காட்டினால் அட்டையைப் பார்த்தாலே பயந்துவிடுவான். வாரம் ஒரு முறை ஐஸ்கிரீம் மாதிரி அவனுக்குப் பிடித்த மாற்றத்துக்கும் அதே அட்டையைக் காட்ட வேண்டும். நாங்கள் எட்டு மாதமாகச் செய்கிறோம். டைல் மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கப் போனபோது பையனையும் கூட்டிப் போயிருந்தால் அவன் கையாலேயே தொட்டுப் பார்த்திருப்பான். முன்கூட்டிச் சொல்வது என்றால் இந்த அளவுக்குச் சொல்ல வேண்டும்.

செங்காங் தேன்மொழி

அண்ணே, தேதி தெரியாமல் இருந்திருந்தால் உங்கள் பையனுக்கு அந்த இரண்டு நிமிடம் வந்தே இருக்காதே? எல்லாப் பிள்ளைக்கும் முன்கூட்டிச் சொல்வது நல்லது என்று ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

என் மகளுக்கு 11 வயது. பாட்டி, அதாவது என் அத்தை, சென்னைக்குப் போகிறார் என்று ஐந்து நாள் முன்பே படம் போட்டுச் சொன்னேன், நீங்கள் சொல்லும் அதே முறையில். ஐந்து நாளும் தூங்கவில்லை. "பாட்டி ஏரோப்ளேன்? பாட்டி ஏரோப்ளேன்?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கேட்பாள். நான்காம் இரவு இரண்டு மணிக்கு சத்தம் கேட்டு எழுந்து போனேன். இருட்டில் பெட்டியைத் திறந்து அத்தையின் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்புக் கலையாமல், அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நிற வரிசை கூட மாறவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அத்தை பார்த்துவிட்டுப் பயணத்தையே தள்ளிப்போட்டுவிட்டார். அடுத்த முறை காலையில் கிளம்பும்போதுதான் சொன்னோம். ஒரு மணி நேரம் அழுதாள், அன்று இரவு தூங்கினாள்.

ஈசூன் அப்பா

ஐந்து நாள் அதிகம் என்றால் ஒரு நாளாகக் குறையுங்கள் அம்மா. சொல்லாமலே விடுவது என்னால் ஒத்துக்கொள்ள முடியாதது. ஒரு தடவை சொல்லாமல் செய்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு காலையும் இன்றைக்கு என்ன ஆகப்போகிறதோ என்ற பயத்தோடுதான் பிள்ளை எழும்.

தெம்பனிஸ் கலா

2020 சர்க்கிட் பிரேக்கர், கொரோனா முடக்கம். ஏப்ரல் 7லிருந்து ஜூன் 1 வரை. எல்லாருக்கும் நினைவிருக்கும், விளையாட்டுத் திடலைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டிவிட்டார்கள். அப்போது மகனுக்கு ஆறு வயது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊஞ்சல் இல்லாமல் அவனுக்குப் பொழுது சாயாது. முதல் பத்து நாள் நரகம். அப்புறம் நானே ஒரு வழக்கம் உண்டாக்கினேன். ஐந்து மணிக்குக் கீழே போவோம், நாடாவை ஒட்டியே ஒரு சுற்று நடப்போம், மேலே வந்துவிடுவோம்.

ஜூன் 19ல் தளர்வின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. கொஞ்ச நாளில் நாடாவை அவிழ்த்துவிட்டார்கள். நான் ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போகிறேன், ஊஞ்சல் ஆடுடா தங்கம் என்று. அவன் நாடா இருந்த இடத்தில் நின்று கையைக் காற்றில் வைத்துத் தேடினான். உள்ளே போகவில்லை. நாடா இல்லாமல் சுற்றி நடக்கவும் தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு சறுக்குமரத்தில் ஏறுகிறார்கள், இவன் வெறும் காற்றைத் தடவிக்கொண்டு நிற்கிறான்.

இப்போதும் விளையாட்டுத் திடலை வரைந்தால் முதலில் நாடாவைத்தான் வரைவான்.

அங் மோ கியோ பாட்டி

பேரனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் கோப்பிக் கடைப் பரோட்டா இரண்டு, சீனி தொட்டு. வேறெதுவும் வாயில் வைக்க மாட்டான். கடைக்காரர் ஊருக்குப் போய்விட்டார், இரண்டு வாரம் கடை மூடல். வேறு கடையில் வாங்கினேன், வீட்டில் நானே வீசிப் போட்டேன். தட்டில் வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவான். மூன்று நாள் பாலும் பிஸ்கட்டும்தான். சம்பந்தி வீட்டில், "அடம், நாலு போடு போட்டால் சாப்பிடுவான்" என்றார்கள். பிள்ளையின் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்தால் அப்படிப் பேச வாய் வருமா?

நான்காம் நாள் அலமாரியில் பழைய பழுப்புத் தாள் ஒன்று கிடைத்தது. கடையில் பரோட்டா மடித்துத் தருவார்களே, உள்பக்கம் வழவழப்பாக இருக்கும், அந்தத் தாள். நான் போட்ட பரோட்டாவை அதில் மடித்து, ரப்பர் வளையம் போட்டு, பையில் வைத்து, கதவுக்கு வெளியே போய் மணி அடித்துவிட்டு உள்ளே வந்தேன். ரப்பரைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டான், தாளை விரித்தான், இரண்டையும் சாப்பிட்டான். மூன்றாவது கேட்டான்.

தாள் கிழியும் வரை அதையே துடைத்துத் துடைத்து வைத்தேன்.

கூரை_24

எனக்கு 24 வயது. எனக்கே மதியிறுக்கம், அதாவது ஆட்டிசம். அக்கா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. முன்கூட்டிச் சொல்லலாமா என்ற பேச்சைப் படித்ததும் எனக்கு ஒரு நாள் ஞாபகம் வந்தது.

2015 செப்டம்பர் 24, புகைமூட்டம். மறுநாள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் உயர்நிலைப்பள்ளிகளுக்கும் விடுமுறை என்று சாயங்காலம் அறிவித்தார்கள். அம்மா வந்து "நாளைக்கு ஸ்கூல் இல்லை" என்றார். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பள்ளிக்கூடத்தின் கூரை தெரியும். அன்றைக்கு ஓடிப் போய்ப் பார்த்தால் கூரை இல்லை. புகையில் மறைந்திருந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது அம்மா சொன்னதும் சரியாக இருந்தது, கண்ணால் பார்த்ததும் சரியாக இருந்தது. பள்ளிக்கூடம் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றேன். அம்மா "ஒரு நாள் லீவுதானே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எது மாறும் என்று அம்மா எப்போதும் சரியாகச் சொல்வார். எது அப்படியே இருக்கும் என்று சொன்னதில்லை. கூரை அங்கேயேதான் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் போய்ப் படுத்திருப்பேன்.

பதினேழுக்கு மேல் எவ்வளவு என்று உங்கள் மகனுக்குத் தெரியும் அக்கா.

உட்லண்ட்ஸ் அம்மா

எல்லாருக்கும் நன்றி. பாட்டி, உங்கள் தாளைப் படித்துவிட்டு இரவெல்லாம் அந்தக் கல்லை எங்கே தேடுவது என்று யோசித்தேன். உடைத்த கல்லை எல்லாம் என்றோ லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே ஒரு மக்சிக், வயதான மலாய் அம்மா, இருக்கிறார். கழிவறையைப் புதுப்பிப்பது நம் விருப்பம்தானே, அவர் வயதான காலத்தில் இடிபாடு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். நேற்று போய்க் கேட்டேன். தாராளமாகப் பார்க்கட்டும் என்றார். பையனைக் கூட்டிப் போனேன். அதே அமைப்பு, அதே நீல வரிசை.

வாசலில் நின்றவன் உடனே குனிந்து எண்ண ஆரம்பித்தான். நான் குழாயைத் திறக்கவில்லை. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. மக்சிக் கதவோரம் மூச்சு விடாமல் நிற்கிறார். அவன் வாளி வைக்கும் மூலை வரைக்கும் போய், திரும்பி, கதவு வரை வந்தான். நாற்பத்து மூன்று. நிமிர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இன்று காலை நீல வண்ண ஒட்டுத்தாள் வாங்கி வந்து கத்தரித்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தாறு ஆகியிருக்கிறது.