சி பிளாக் குட்டீஸ் வாசிப்பு வட்டம்: சனிக்கிழமை செவப்பு நாய்க்குட்டி

வியாழன்

தினேஷ் 304: இந்த வாரம் கிளிஃபோர்ட்னு முடிவாச்சு, அந்தப் பெரிய செவப்பு நாய் கார்ட்டூன். ஒரு சின்ன குழப்பம். பெரிய நாயா வர்ற சீரியலை முதல்ல போடறதா, இல்ல அது குட்டியா இருந்த கதை ‘கிளிஃபோர்ட்ஸ் பப்பி டேஸ்’ முதல்லயா? கதைப்படி குட்டிதானே முதல்ல வரணும்?

ஃபாத்திமா 102: கதைப்படி குட்டி முதல்ல, வந்த வரிசைப்படி கடைசி தினேஷ். கிளிஃபோர்டை எழுதி வரைஞ்ச நார்மன் பிரிட்வெல் பெரிய நாய் புத்தகத்தைப் போட்டது 1963. குட்டிக் கதை புத்தகமா வந்தது 1972. அமெரிக்காவுல பிபிஎஸ் சேனல்ல பெரிய நாய் 2000 செப்டம்பர், குட்டி 2003 செப்டம்பர் 15. ரெண்டு தடவையும் பெருசு வந்த பிறகுதான் சிறுசு.

ரேவதி மிஸ்: குட்டியை முதல்ல போட்டா மூணு வயசுக்காரங்களுக்கு அது சும்மா ஒரு செவப்பு நாய்க்குட்டிதான். இது வீடு உயரத்துக்கு வளரப்போகுதுன்னு தெரிஞ்சாதான் சோபா மேல ஏற முடியாம தவிக்கறதைப் பார்த்து சிரிப்பாங்க. நமக்குத் தெரியும், அந்தக் குட்டிக்குத் தெரியாது. மொத்த வேடிக்கையும் அங்கதான் இருக்கு.
அதனால பெரிய நாய் புத்தகம் 5 நிமிஷம், நாலஞ்சு படம் காட்டினா போதும். அப்புறம் குட்டி ஒரு கதை.

கோமதி ஆன்ட்டி: ஒரு கதைன்னா எவ்ளோ நேரம்? போன தடவை அரை மணி நேரம் ஓடி என் பேத்தி தரையில படுத்துட்டா

ரேவதி மிஸ்: அரை மணி எபிசோடுல ரெண்டு கதை இருக்கும் ஆன்ட்டி. ஒண்ணு சுமார் 12 நிமிஷம். ஒண்ணே ஒண்ணு மட்டும். நடுவுல மூணு இடத்துல நிறுத்துவேன். “என்ன ஆச்சு?”ன்னு கேக்க மாட்டேன். “குட்டி நிக்கற இடத்துலேருந்து என்ன தெரியும்?”னு கேப்பேன். இங்கிலீஷ் புரியாத பிள்ளையும் கை நீட்டிச் சொல்லும்.

தினேஷ் 304: சேகர் சார், நீங்க அனிமேஷன்ல லேஅவுட், அதாவது காட்சி அமைப்பு பண்ணவர். குட்டி சீரியல்ல என்ன கவனிக்கச் சொல்லலாம்?

சேகர் சார்: கேமரா உயரம். அவ்ளோதான்.

சேகர் சார்: சரி, கொஞ்சம் விரிவா சொல்றேன். முதல் சீரியல்ல உடம்பு பெருசு, உலகம் சிறுசு. 25 அடி நாய் உதவி பண்ணப் போனாலே ஏதாவது கவிழும். கதையே அந்தக் கவிழ்ப்புலதான் பிறக்குது. அதுக்கு ஃப்ரேம் அகலமா இருக்கணும், அடிவானம் தெரியணும். ஒரு தீவுல கொண்டுபோய் வச்சதும் அதுக்கு வசதியாப் போச்சு. சுத்தி வீடு, மரம், கடல். நாயோட உயரத்தை எதோடயாவது ஒப்பிட்டே ஆகணும்.
குட்டி சீரியல்ல எல்லாம் தலைகீழ். இடம் நகரத்து அபார்ட்மென்ட். கண் மட்டம் கணுக்கால் உயரத்துல. நாற்காலிக்குக் கால்தான் தெரியும், மனுஷங்க இடுப்போட நின்னுடுவாங்க, படிக்கட்டு சுவர் மாதிரி நிக்கும். மூணு வயசுப் பிள்ளை நம்ம வீட்டைப் பார்க்கிறதும் அப்படித்தானே.

சேகர் சார்: குட்டியை வரையறதுக்கும் கணக்கு உண்டு. பெரிய நாயை அப்படியே சின்னதாக்கினா குட்டி வராது, தூரத்துல நிக்கற பெரிய நாய்தான் வரும். தலையைப் பெருசாக்கி, நெத்தியை உயர்த்தி, கண்ணை முகத்தோட பாதிக்குக் கீழ இறக்கி, காலைக் குட்டையா தடிமனா வைக்கணும். விலங்குகளோட நடத்தையை ஆராய்ஞ்ச கொன்ராட் லோரன்ஸ் 1943-லயே எழுதி வச்ச விஷயம். இந்த அளவுகளைப் பார்த்தா நமக்குத் தானா வாஞ்சை வந்துடும்.

மீரா டாக்டர் 201: நிஜக் குட்டியும் அதே அளவுதான் சார் 🙂

கோமதி ஆன்ட்டி: பெரிய நாய்க்கு குரல் கொடுத்தவர்தான் குட்டிக்குமா

ஃபாத்திமா 102: இல்ல ஆன்ட்டி. பெரிய கிளிஃபோர்டுக்கு ஜான் ரிட்டர். குட்டிக்கு லாரா ஜில் மில்லர். அமெரிக்கக் கார்ட்டூன்கள்ல குழந்தைக் குரலைப் பெரிய பெண்களே பேசறது ரொம்ப சகஜம். நிஜப் பையனை வச்சா ரெண்டு வருஷத்துல குரல் உடைஞ்சிடும், பழைய எபிசோடோட ஒட்டாது.
ரிட்டர் 2003 செப்டம்பர் 11 அன்னைக்கு இறந்தார். நாலாம் நாள் குட்டி சீரியல் முதல் ஒளிபரப்பு. அவர் குரல்ல பெரிய கிளிஃபோர்ட் சினிமா ஒண்ணு அடுத்த வருஷம் வந்துச்சு.

தினேஷ் 304: ஐயோ 😔

தினேஷ் 304: டி-போன், கிளியோ ரெண்டும் குட்டி சீரியல்ல வராதா? என் பையன் தேடுவான்.

ஃபாத்திமா 102: வராது. அவங்க தீவு நண்பர்கள், கிளிஃபோர்ட் வீடு தீவுக்குக் குடி பெயர்ந்த பிறகு கிடைச்சவங்க. இங்க முயல் டேஃபடில், பறவை நார்வில், நீட்டு உடம்பு டாக்ஸண்ட் ஜோர்ஜே, பூனைக்குட்டிங்க ஃப்ளோ, ஸோ. எல்லாரும் அந்தக் கட்டடத்தையும் தெருவையும் சுத்தினவங்க. நார்விலுக்குக் குரல் ஹென்றி விங்க்லர்.
பிள்ளைங்க கிட்ட “டி-போன் இன்னும் இவனைப் பார்க்கவே இல்ல”ன்னு சொல்லிடுங்க. டக்குனு புரிஞ்சிக்குவாங்க.

சேகர் சார்: முன்கதை எழுதறவனுக்கு இதான் பெரிய தலைவலி. பின்னாடி வர்றது எல்லாம் ஏற்கனவே அச்சாயிடுச்சு. புதுசா ஒரு உயிர் நண்பனைக் கொண்டு வந்தா, அவனை ஏன் பெரிய நாய் ஒரு தடவை கூட நினைக்கலைன்னு கேள்வி வரும். ஆபத்தும் வைக்க முடியாது, குட்டி பிழைச்சு 25 அடி வளரும்னு ஊருக்கே தெரியும். மிச்சம் இருக்கறது சின்னச் சின்ன விஷயம்தான். பகிர்ந்துக்கறது, பயப்படறது, தொலைச்ச பொருளைத் தேடறது. இந்த சீரியல் அதோட நிறுத்திக்கிட்டது புத்திசாலித்தனம்.

தினேஷ் 304: ஸ்கூபி டூக்கும் குட்டி சீரியல் உண்டுல்ல?

சேகர் சார்: 1988, ஏபிசி சேனல். அது வேற ரகம். தன்னையே கிண்டல் பண்ணிக்கிட்டது. பூசணிக்காயா திரும்பத் திரும்ப, துப்பறியற கூட்டத்துல இருக்கற ஃப்ரெட் சந்தேகப்படற பையன் பேரே ரெட் ஹெர்ரிங். தப்பான துப்பை இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்வாங்க. மூணு வயசுக்கு அது எட்டாது, ஏழு வயசுக்கு மேல போடுங்க.

சேகர் சார்: பூசணிக்காயா இல்ல, ‘விடாம’ன்னு அடிச்சேன். ஃபோன் மாத்திடுச்சு.

கோமதி ஆன்ட்டி: 😂😂

கோமதி ஆன்ட்டி: குட்டி எப்ப வளரும்? அதைப் பார்க்கணும்னுதான் எல்லாம் உட்காரும்

ரேவதி மிஸ்: சீரியல்ல வளரற கதையை எதிர்பார்க்காதீங்க ஆன்ட்டி. ஒவ்வொண்ணும் தனித்தனிக் கதை.

சேகர் சார்: டிவிக்குன்னு செஞ்சா அப்படித்தான். சேனல் எந்தக் கதையை எந்த நாள் போட்டாலும் பொருந்தணும். திங்கள்கிழமை முழங்கால் உயரம், செவ்வாய்க்கிழமை உள்ளங்கை உயரம்னு வந்தா பிள்ளைங்க விட மாட்டாங்க. அதோட உயரம் மாறினா மாடல் ஷீட், அதாவது எல்லாரும் பார்த்து வரையற மாதிரிப் படம் மாறும், அவனை வளர்க்கற பொண்ணு எமிலி எலிசபெத்தோட சேர்த்துப் போட்ட அளவு அட்டவணை மாறும்.

ஃபாத்திமா 102: வளரறது 1972 புத்தகத்துல இருக்கு. ஈன்ற குட்டிங்கள்லயே நோஞ்சான் இவன்தான், பிழைக்குமான்னே வீட்ல சந்தேகம். அப்புறம்தான் விறுவிறுன்னு வளர்றான். லைப்ரரி பிரதி என்கிட்ட இருக்கு, கொண்டு வரேன்.

தினேஷ் 304: அப்போ வளரறதை நாமளே வரைஞ்சா? ஃப்ளிப் புக், வேகமாப் புரட்டினா படம் அசையற புத்தகம்?

சேகர் சார்: அருமை. ஆனா அதுல எல்லாரும் ஒரே தப்பைப் பண்ணுவாங்க. சாயங்காலம் எழுதறேன்.

வியாழன் இரவு

சேகர் சார்: 3 அங்குல ஸ்டிக்கி பேடு. 100 தாள் பேடைக் கட்டா மூணா பிரிச்சா மூணு புத்தகம். 24 தாள் படத்துக்கு, மிச்சம் அட்டைக்கும் கட்டை விரல் பிடிக்கவும். ஒட்டின ஓரத்துல 19 மில்லிமீட்டர் பைண்டர் கிளிப் கட்டாயம். கிளிப் இல்லைன்னா நாலாவது தடவை புரட்டும்போது தாள் கையோட வந்துடும்.
கடைசித் தாள்லேருந்து வரைய ஆரம்பிக்கணும். அப்பதான் அடியில இருக்கற படம் மேல் தாள்ல மங்கலாத் தெரியும், அதைப் பார்த்து அடுத்ததை வரையலாம். அதனால முதல்ல வரையறது பெரிய நாய், கடைசியா வரையறது குட்டி. கிளிப் பக்கத்து மூணுல ஒரு பங்கு இடத்தைச் சும்மா விடுங்க, புரட்டும்போது அது தெரியாது.

சேகர் சார்: இப்ப அந்தத் தப்பு. குட்டி 1 செ.மீ., பெரிய நாய் 6 செ.மீ.ன்னு வைங்க. எல்லாரும் 5-ஐ 23-ஆல வகுத்துப் பக்கத்துக்கு 2.2 மில்லிமீட்டர் கூட்டுவாங்க. முதல் பக்கத்துல அது 22 சதவீத வளர்ச்சி, கடைசிப் பக்கத்துல 4 சதவீதம் கூட இல்ல. பார்த்தா குபீர்னு வீங்கி, அப்புறம் நின்ன மாதிரி இருக்கும். கூட்டாதீங்க, பெருக்குங்க. ஒவ்வொரு பக்கமும் முந்தினதை விட 8 சதவீதம். ஆரம்பத்துல ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி, கடைசில நாலரை மில்லிமீட்டர் கிட்ட வரும்.

தினேஷ் 304: சார், ஆறு வயசுப் பிள்ளை 8 சதவீதம் கணக்கு போடுமா?

சேகர் சார்: போடாது. நாம ஒரு அளவுப் பட்டை வரைஞ்சு ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கணும். 24 கோடு, எண்ணோட. அந்த எண்ணைத் தாள் மூலையில எழுதிட்டா குழப்பம் வராது.
இன்னொண்ணு, இதைவிட முக்கியம். எல்லாத் தாள்லயும் ஒரே இடத்துல ஒரே உயரத்துல எமிலி எலிசபெத் நிக்கணும். 1.5 செ.மீ. போதும், குச்சி உருவம் போதும். அவ இல்லைன்னா நாய் வளர்ற மாதிரி இருக்காது, நாய் நம்மகிட்ட ஓடி வர்ற மாதிரி இருக்கும். தரைக்கோடும் அதே இடத்துல, நாலு பாதமும் அந்தக் கோட்டுல.

ஃபாத்திமா 102: பிரிட்வெல்லோட ஆரம்பமும் அதுதான் சார். வேலை தேடி எடுத்துட்டுப் போன மாதிரிப் படங்கள்ல ஒண்ணு, மழைக்கு ஒரு பெரிய செவப்பு நாயோட தாடைக்கடியில ஒதுங்கி நிக்கற சின்னப் பொண்ணு. ஹார்ப்பர் அண்ட் ரோ பதிப்பகத்துல இருந்த எடிட்டர் சூசன் ஹிர்ஷ்மன்தான் இதுல கதை இருக்கும்போல இருக்கேன்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணு இல்லைன்னா அது வெறும் நாய்ப் படம்.
பேரு முதல்ல ‘டைனி’ன்னு வைக்க நினைச்சார். அவர் மனைவி நார்மா, சின்ன வயசுல தனக்கு இருந்த கற்பனைத் தோழன் பேரைக் குடுத்தாங்க. எமிலி எலிசபெத் அவங்க மகள் பேரு.

ரேவதி மிஸ்: அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கறவங்க 24 தாள் தாங்க மாட்டாங்க. அவங்களுக்கு சுழல் அட்டை. 7 செ.மீ. வட்ட அட்டை, இடது வலது ஓரத்துல ஓட்டை, ரெண்டு ரப்பர் பேண்டு. ஒரு பக்கம் விரிச்ச உள்ளங்கை, மறுபக்கம் குட்டி. ரப்பரை முறுக்கி விட்டா குட்டி கைமேல உக்காரும்.
பெரியவங்க கவனிங்க: மறுபக்கப் படத்தைத் தலைகீழா ஒட்டணும். அட்டை கிடைமட்ட அச்சுல சுத்துது, நேரா ஒட்டினா குட்டி தலைகீழாத் தொங்கும்.

சேகர் சார்: செவப்புக்கு ஸ்கெட்ச் பேனா வேண்டாம், அடித்தாளுக்கு ஊறும். கலர் பென்சில்.

கோமதி ஆன்ட்டி: நாய்க்கு ஏன் செவப்பு? ஏதாவது அர்த்தம் இருக்கா

ஃபாத்திமா 102: ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. வரையும்போது மேசையில இருந்த பெயின்ட் செவப்பு 😄

மீரா டாக்டர் 201: நான் ஒண்ணு சொல்லிடறேன், ஞாயித்துக்கிழமையே வீட்டுக்கு வீடு “குட்டி வேணும்”னு கிளம்பும். வாங்கறதா இருந்தா 8 வாரம் ஆகாத குட்டியைத் தாய்கிட்டேருந்து பிரிக்காதீங்க. தடுப்பூசி 6 முதல் 8 வாரத்துல ஆரம்பிச்சு, 3-4 வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் வரைக்கும். வெறிநாய்க்கடி ஊசி மூணு மாசத்துல. கிளிஃபோர்ட் மாதிரி நோஞ்சானா இருக்கறதைப் பார்த்துப் பாவப்பட்டு எடுக்கறவங்க நிறைய. பாலுக்குப் போட்டி போட முடியாததால மட்டும் இளைச்சிருந்தா தேறிடும். பிறவிக் கோளாறுன்னா தேறாது. எடுக்கறதுக்கு முன்னாடி பரிசோதிச்சுக்கங்க.
பசும்பால் ஊத்தாதீங்க. வயித்தால போகும்.

தினேஷ் 304: டாக்டர், 25 அடி நாய் நிஜத்துல நிக்குமா? பையன் கேப்பான்.

சேகர் சார்: நான் சொல்றேன். 2 அடி நாய் 30 கிலோன்னு வைங்க. 25 அடின்னா பன்னிரண்டரை மடங்கு உயரம். எடை அதை மூணு தடவை பெருக்கின அளவு, 1,953 மடங்கு, 58 டன் சொச்சம். கால் எலும்போட குறுக்குவெட்டுப் பரப்பு 156 மடங்குதான் கூடும். எலும்பு மேல அழுத்தம் பன்னிரண்டரை மடங்கு. கலிலியோ 1638-லயே சொல்லிட்டார். நிக்காது.

மீரா டாக்டர் 201: பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க 🙏

வெள்ளி

தினேஷ் 304: கணக்கு: பிள்ளைங்க 11, மாதிரிக்கு 2, மொத்தம் 13 புத்தகம். 5 பேடு, 13 கிளிப். சுழல் அட்டை 5 பேருக்கு, ரப்பர் பேண்டு 10. சரியா?

ரேவதி மிஸ்: ரப்பர் பேண்டு 20 வாங்குங்க. அறுத்துடுவாங்க.

சேகர் சார்: சுழல் அட்டை 5 பேருக்குன்னா புத்தகம் 8 போதுமே, 3 பேடு. ரெண்டு பேடு மிச்சம்.

கோமதி ஆன்ட்டி: மிச்சம் பேடை என் பேத்திக்கு குடுத்துடுங்க, ஸ்கூபி வரையட்டும்