மாடி லேப்பில் இடமில்லை, கீழே 24 மெசின் சும்மா கிடக்கிறது

ஹட்டன்_லேப்:
ஹட்டன் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் பார்க்கிறேன். மாடியில் 20 புது மெசின். கணக்கியல் மென்பொருளும் வரைபட மென்பொருளும் அங்கேதான். கீழே 24 பழைய மெசின், எல்லாம் 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14உடன் ஆதரவு முடிந்தது, 11 இவற்றில் ஏறாது. அதனால் கீழே டைப்பிங் மட்டும்தான். மாடியில் ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். பொகவந்தலாவைப் பிள்ளைகள் நாலரைக்கே பஸ்ஸுக்கு ஓட வேண்டும். "சேர், என் முறை எப்ப?" என்று கேட்கும்போதே பை தோளில் ஏறிவிடும்.

64 ஜிபி ரேமுடன் ஒரு சேர்வர் இருக்கிறது. அதில் மெய்நிகர் டெஸ்க்டொப் (வேலை சேர்வரில் ஓடும், திரை மட்டும் பழைய மெசினில் தெரியும்) ஓட்டி, கீழிருந்து நுழைய விடலாமா?

பதுளைக்காரன்:
ஆளுக்கொரு விண்டோஸ் 11 என்றால் அந்த ரேம் காணாது தம்பி. தலைக்கு 4 ஜிபி வைத்தாலே 96. ஒரே விண்டோஸ் சேர்வரில் எல்லோரும் தனித்தனியாக நுழையும் முறைக்குப் போங்கள், ரேம் மிஞ்சும். பழைய மெசினில் லினக்ஸ் போட்டால் சரி. நடுவில் அப்பாச்சி குவாக்காமோலி என்ற இலவச மென்பொருளை வைத்தால், சேர்வருக்குள் நுழையப் பிரவுசர் ஒன்றே போதும். ஆனால் ஆளுக்கோ மெசினுக்கோ லைசன்ஸ் வாங்க வேண்டும். லைசன்ஸ் இல்லாமல் ஓட்ட 120 நாள் சலுகை தருவார்கள். நான் அதை மறந்துபோய், பரீட்சை வாரத்தில் ஒரு பிள்ளையும் நுழைய முடியாமல் நின்றது. அன்று நான் கேட்ட பேச்சு!

மலைச்சாரல்:
சேர்வரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். ஒன்பது மணிக்கு 24 பேரும் ஒன்றாக நுழையும்போதுதான் அதன் அருமை தெரியும். மென்பொருள்களின் லைசன்ஸ் சேர்வரில் ஓட்ட இடம் தருகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் ஏப்ரல் மாத இடி மின்னல். முன்பு ஒரு மெசின் போனால் ஒரு பிள்ளைக்குத்தான் நட்டம், இனி சேர்வர் போனால் லேப்பே போச்சு. யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஹட்டன்_லேப்:
நன்றி அண்ணே. கீழே ஆறு மெசினில் போட்டுப் பார்த்தேன். கணக்கியல் மென்பொருள் சொந்த மெசினில் ஓடுவது போலவே ஓடுகிறது. முப்பரிமாண வரைபடம்தான் சரிவரவில்லை. மவுஸை நகர்த்தி, கையை எடுத்த பிறகு கனசதுரம் மெதுவாகத் திரும்புகிறது. சேர்வரில் கிராபிக்ஸ் கார்ட் இல்லை, அதை வாங்கக் காசும் இல்லை. அதனால் வரைபடம் மாடியிலேயே இருக்கட்டும், கணக்கியல் வகுப்பு மட்டும் கீழே இறங்குகிறது. அதுவே மாடியில் பாதி நெரிசலைக் குறைத்துவிடும்.

யூபிஎஸ் பெட்டியைத் திறந்தேன், பற்றரி பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது. புதன்கிழமைக்குள் மாற்ற வேண்டும்.