உங்கள் நெட்வொர்க்கில் நீங்கள் வைக்காத பெட்டி இருந்ததுண்டா?

டர்பனிலிருந்து:

2023. தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்த வருடம். ஒரு மொத்த வியாபாரக் கிடங்கின் நெட்வொர்க் என் பொறுப்பு. ஒரு மதியம் கரண்ட் வந்த பத்தாவது நிமிடம் போன். "அண்ணா, பாதி கம்ப்யூட்டரில் பில் போட முடியல."

போய், கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்துப் பார்த்தேன். எங்கள் முகவரிகள் 10.20 என்று தொடங்கும். திரையில் 192.168.0.104. நாங்கள் வைக்காத ஏதோ ஒன்று முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

டிஎச்சிபி என்பது கம்ப்யூட்டர்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் முறை. அதில் கம்ப்யூட்டர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முகவரி கேட்கும். பொதுவாக முதலில் வரும் பதிலை எடுத்துக்கொள்ளும்; பதில் சொன்னது யார் என்று சரிபார்க்காது. முகவரி கொடுக்கும் எங்கள் சர்வர் எழுந்து உட்கார ஆறு நிமிடம். அந்தப் பெட்டிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அந்தக் கம்ப்யூட்டர் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், என்று காட்டிய பெட்டியின் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்), கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச்சில் தேடினேன். 17-ஆம் போர்ட். கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், பேக்கிங் மேசைக்கு அடியில், அட்டைப்பெட்டிக்குப் பின்னால், தூசி படிந்த வீட்டு வைஃபை ரவுட்டர். பையன்கள் போனுக்கு சிக்னல் வேண்டுமென்று லேன் போர்ட்டில் செருகியிருக்கிறார்கள். பாஸ்வேர்ட் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தபடியே.

எனக்கு வயிற்றைக் கலக்கியது பில் நின்றதில் இல்லை. கெட்ட எண்ணத்தோடு ஒருவன் இதைச் செருகி, கேட்வே என்று தன் லேப்டாப்பைக் காட்டியிருந்தால், எல்லாமே அவன் வழியாகப் போயிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்றே டிஎச்சிபி ஸ்னூப்பிங் போட்டேன். சர்வர் இருக்கும் போர்ட் தவிர வேறெங்கிருந்து முகவரி வந்தாலும் ஸ்விட்ச் தூக்கிப் போட்டுவிடும். சும்மா கிடந்த போர்ட்களை அணைத்தேன். பையன்களை யாரும் திட்டக் கூடாது என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன். அந்த மூலையில் சிக்னல் கிடையாது, அவர்கள் என்ன செய்வார்கள்? தனி வீலானில், அதாவது அதே ஸ்விட்ச்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கில், அவர்களுக்கு ஒரு வைஃபை கொடுத்தேன். அதிலிருந்து பில்லிங் சர்வருக்குப் போக வழியில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அண்ணா, நானும் ஸ்னூப்பிங் போட்டேன். மறுநாள் காலை ஒரு மாடி முழுக்க 169.254 முகவரி, எந்த சர்வரும் பதில் தராதபோது கம்ப்யூட்டர் தானே போட்டுக்கொள்வது! மேல் ஸ்விட்ச்சுக்குப் போகும் போர்ட்டை நம்பகமானது என்று குறிக்க மறந்திருக்கிறேன். உண்மையான சர்வரின் பதிலையும் சேர்த்து ஸ்விட்ச் தூக்கிப் போட்டுவிட்டது.

டர்பனிலிருந்து:

ஆமாம் தம்பி, அதில் நிறையப் பேர் விழுவார்கள். முதலில் டிரஸ்ட், அப்புறம்தான் ஸ்னூப்பிங். அதுவும் ஒவ்வொரு வீலானாகப் போடுங்கள். ஒன்றில் போட்டு, ஒரு கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பி, சரியான முகவரி வருகிறதா பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.