எழுப்பிக் கேட்பதா, மணியை அழுத்துவதா?

வைகறை:
அம்மாவுக்கு வயது 68. தங்கையின் பிரசவத்துக்காகச் சென்ற மாதம் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றேன். வளைகுடாவில் விமானம் மாறி, அங்கிருந்து நியூயார்க் வரை 14 மணி நேரம். சேர்ந்த இருக்கை கிடைக்கவில்லை. அம்மா ஜன்னலோரம், நான் ஆறு வரிசை பின்னால். அம்மாவின் வரிசையில் நடைபாதை ஓரம் இருந்தவர், விளக்கை அணைப்பதற்குள் நான்கு முறை விஸ்கி வாங்கிக் குடித்துவிட்டு, காலை நீட்டித் தூங்கிவிட்டார். நடுவில் ஒரு கல்லூரி மாணவன்.

இரண்டு முறை போய்ப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். அவர் தூங்கவில்லை. கழிப்பறைக்குப் போக வழியில்லாமல் ஏழு மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்தார். மறுபடி போக வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. தெரிந்ததும் அந்த மனிதரைத் தட்டி எழுப்பினேன். "காசு கொடுத்து வாங்கிய இடம், தூங்கக்கூட விடமாட்டீர்களா?" என்று சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அம்மா கைகூப்பி அவரிடம் மன்னிப்புக் கேட்டார். என் அம்மா, அவரிடம்!

இனி இப்படிப்பட்டவர்களிடம் நேரில் பேசவே மாட்டேன். ஆரம்பத்திலேயே மணியை அழுத்திப் பணியாளரை அழைப்பேன். எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

காவிரிக்கரை:
அம்மா கைகூப்பியதைப் படித்தபோது என் வயிறும் எரிந்தது. ஆனாலும் உங்கள் முடிவை ஏற்க முடியவில்லை, சகோதரி. ரயிலில் கீழ்ப் படுக்கை வேண்டுமென்றால் டிக்கெட் பரிசோதகரைத் தேடியா ஓடுகிறோம்? "அம்மாவுக்கு முழங்கால் வலி, மாற்றிக்கொள்ள முடியுமா?" என்று கேட்கிறோம். பத்தில் எட்டுப் பேர் எழுந்து இடம் தருகிறார்கள். விமானம் ஏறிய கையோடு அந்த நடைபாதை மனிதரிடம் இரண்டு வார்த்தை பேசியிருந்தால், அவருக்கு உங்கள் அம்மா யாரோ ஒருவராக இருந்திருக்கமாட்டார். புகார் செய்துவிட்டால், மீதிப் பத்து மணி நேரமும் அவர் பக்கத்தில் உட்காரப் போவது நீங்கள் அல்ல, அம்மாதான்.

பணியாளர்களையும் அப்படி நம்பிவிட முடியாது. 2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து டெல்லி வந்த விமானத்தில், போதையில் இருந்த ஒருவர் மூதாட்டி ஒருவர் மேல் சிறுநீர் கழித்ததாகப் புகார் எழுந்தது. அந்த மனிதரையே தன் எதிரில் கொண்டுவந்து உட்காரவைத்ததாக அந்த அம்மையார் எழுதியிருந்தார். பிறகுதான் விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதமும், விமானிக்கு மூன்று மாத உரிம நிறுத்தமும் வந்தன. அதனால் அன்றைக்கு அவர் பட்ட துன்பம் குறைந்ததா?

முன்னாள் பணிப்பெண்:
11 ஆண்டுகள் நீண்ட தூர விமானங்களில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். காவிரிக்கரை ஐயா, அந்தச் சம்பவத்தைப் படித்து எங்களில் பலர் தலைகுனிந்தோம். ஆனால் அதையே காரணமாக வைத்து மணியை அழுத்தாதீர்கள் என்று சொல்லிவிடாதீர்கள்.

ரயிலும் விமானமும் ஒன்றல்ல. பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஊட்டியில் உட்கார்ந்து குடிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதமும் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விடுகிறது. களைப்பும் பட்டினியும் சேர்ந்தால் நான்கு கோப்பையில் ஆள் வேறாகிவிடுவார். மூன்றாவது கோப்பையை மறுக்க எங்களால் முடியும், உங்களால் முடியாது. அவர் குடித்துத் தூங்கியபின் எங்களை அழைத்தால், நாங்களும் உங்களைப்போல் தட்டித்தான் எழுப்ப வேண்டும்.

இன்னொன்று. முதியவர்கள் தண்ணீர் குடிக்காமல், எழுந்து நடக்காமல் பல மணி நேரம் உட்கார்ந்திருந்தால் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறையலாம். அம்மாவின் காலில் வீக்கம் இருந்ததா? இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஓரத்து இருக்கை:
நான் எப்போதும் நடைபாதை ஓரம் கேட்டு வாங்குபவன். இடுப்பில் அறுவை சிகிச்சை செய்தவன். மாத்திரை போட்டுத் தூங்குவேன். அவர் கத்தியது தவறுதான். ஆனால் ஏழு மணி நேரம் யாரும் அவரை எழுப்பவில்லையே? எழுப்பாமலேயே, வழிவிடவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த மாணவனாவது கேட்டிருக்கலாம்.

வைகறை:
ஓரத்து இருக்கை அவர்களே, உங்கள் இடுப்பு வலியை மதிக்கிறேன். ஆனால் நடைபாதை ஓரத்தில் உட்கார்பவருக்கு, உள்ளே இருப்பவர்கள் எழுந்து போவார்கள் என்பது தெரியாதா? நான்கு கோப்பை குடிக்கும்போது அது நினைவில் இருக்க வேண்டாமா? ஊர் விட்டு வெளியே வராத ஒரு பெண், மொழி தெரியாத இடத்தில், குடித்துத் தூங்கும் அந்நிய ஆணைத் தொட்டு எழுப்புவார் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்? அந்தப் பையனும் பயந்துபோய்த்தான் இருந்தான். தானும் அதுவரை எழவில்லை என்று இறங்கும்போது என்னிடம் சொன்னான்.

முன்னாள் பணிப்பெண் அக்காவுக்கு நன்றி. வீக்கம் இருந்தது, இரண்டு நாளில் வடிந்துவிட்டது. ஆனாலும் நாளையே காட்டிவிடுகிறேன்.

காவிரிக்கரை:
தொட்டு எழுப்பத் தயங்குவார் என்பதை நான் யோசிக்கவில்லை. அந்த இடத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏறியவுடன் பேசியிருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அதை அம்மாவால் செய்ய முடியாது, உங்களால் முடிந்திருக்கும். திரும்பி வரும்போது அவர் தனியாகத்தானே வருகிறார்?

வைகறை:
ஆம், தனியாக. நடைபாதை ஓர இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கிறேன். பக்கத்தில் வருபவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் தங்கை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று அம்மா அவளை நிறுத்தி, "அதெல்லாம் இருக்கட்டும், அந்த மணி எங்கே இருக்கிறது என்று சொல்லு. அன்றைக்கு இருட்டில் தேடித் தேடிப் பார்த்தேன்" என்றார்.

இவ்வளவு நாளும் அவர் அதை என்னிடம் சொல்லவே இல்லை.